சத்தம் போதுமா

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஜாதகம் கேட்பதில்லை. கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்கிறார்கள். சிறுநீரகம் எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்று ரத்தத்தைப் பார்த்து ஒரு எண் சொல்வார்களே, அது. பெண்ணுடைய எண் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அப்பனுடையது, ஆத்தாளுடையது, கிடைத்தால் தாத்தாவுடையதும் வேண்டும். அதைக் கேட்க நேரே வீட்டுக்கும் வரமாட்டார்கள். கூட்டு ரோட்டில் இறங்கி டீக்கடையில் ஒரு டீ சொல்லுவார்கள்.

"இந்த ஜோகாராவ் வீடு எப்படிங்க?"

"தங்கமான குடும்பம்."

"உடம்புக்கு யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"ஜோகாராவுக்கு அப்பப்பக் கோபம் வரும். வியாதின்னா அது ஒண்ணுதான்."

டீக்கடைக் கன்னய்யாவின் கூடப்பிறந்த அண்ணனே சிறுநீரகம் போய்ச் செத்தவன். ஆனாலும் பாலை ஆற்றிக்கொண்டே, முகம் மாறாமல் சொல்லுவான். ஊர் முழுக்க அப்படித்தான். யாரும் கூடி உட்கார்ந்து பேசி வைத்ததில்லை. இன்றைக்கு உன் வீட்டுப் பெண்ணுக்காக நான் வாயை மூடினால், நாளைக்கு என் வீட்டுப் பெண்ணுக்காக நீ மூடுவாய். முந்திரியும் தென்னையும் கடலும் இருக்கிற ஊரில் எங்களுக்கு இல்லாதது ஒன்றுதான், வெளியூர்ச் சம்பந்தம். அதற்கு இந்த வாய்ப்பூட்டு.

ஜோகாராவின் மனைவி தவிட்டம்மா எனக்கு அடுத்த வீடு. முந்திரிக்கொட்டை உடைத்தே விரல்கள் கருத்துப்போனவள். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வயிற்றில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். விசாகப்பட்டினத்துக் கம்பெனி ஒன்று புதிதாக ஒரு பெட்டி செய்து, பார்க்கலாம் என்று எங்கள் ஊரில் ஐந்து வீட்டுக்குக் கொடுத்திருந்தது. ராத்திரி படுக்கும்போது குழாயைப் பெட்டியோடு மாட்டிக்கொள்ள வேண்டும். விடியும்வரை அது வயிற்றுக்குள் மருந்துத் தண்ணீரை விடும், உடம்பிலிருக்கிற கெட்டதோடு சேர்த்து வெளியே இழுக்கும், மறுபடி விடும். காலையில் கழற்றிவிட்டு அவள் கொட்டை உடைக்கப் போய்விடலாம். அவள் உயிர் அந்தப் பெட்டியில் இருந்தது. அவள் ஆசை முழுக்க மகள் ரூபவதியின் கல்யாணத்தில் இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்ததுதான் வினை.

பெட்டி எப்படி இருந்தால் சௌகரியம் என்று கேட்க, கம்பெனியிலிருந்து பிரமீளா என்றொரு பெண் வருவாள். குண்டூர்ப் பக்கத்துக்காரி, இன்ஜினியர். குறை சொல்ல முடியாத பெண். தரையில் உட்கார்ந்துதான் பேசுவாள்.

"இந்தக் கண்ணாடியில ஒரு தடவை தொடுங்கம்மா."

தவிட்டம்மா தொட்டாள். பெட்டி அசையவில்லை.

"இன்னொரு தடவை."

"எத்தனை தடவை தொட்டாலும் என் விரலு அதுக்குத் தெரியாது. ரேஷன் கடை மெசினும் இப்படித்தான், இந்தப் பொம்பள செத்துட்டாங்குது. அரிசி வாங்கறதுக்கு என் புருஷன் வந்து நான் உசுரோட இருக்கேன்னு சொல்லணும்."

எல்லோரும் சிரித்தோம். பிரமீளா சிரிக்கவில்லை. அந்த விரல்களை எடுத்துத் தன் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முந்திரி ஓட்டின் பால் பட்டு ரேகையெல்லாம் வெந்து போயிருந்தது. அடுத்த முறை வந்த பெட்டியில் அழுத்துகிற கட்டையான பொத்தான்கள் இருந்தன. எலி குழாயைக் கடிக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். அதற்கும் ஒரு உறை வந்தது. கேட்டால் செய்கிறவள்தான். ஆனால் கேட்க வேண்டுமே.

கேட்பதில் எங்கள் ஊருக்கு ஒரு பழைய சூடு உண்டு. முன்னொரு காலத்தில் நல்ல தண்ணீர் மிஷின் வைக்கிறோம் என்று சிலர் வந்தார்கள். கிழக்குத் தெருவில் வை என்றார்கள் கிழக்குத் தெருக்காரர்கள். கோயிலண்டை வை என்றார்கள் மற்றவர்கள். வந்தவர்களின் கண் முன்னாலேயே இரண்டு பக்கமும் சண்டைக்கு வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள். "நீங்க பேசி முடிங்க, வர்றோம்" என்று போனவர்கள் வரவேயில்லை. அதற்குப் பிறகு ஊர் ஒரு பாடம் படித்தது. வெளியாள் எது கேட்டாலும் முதலில் யார் வாய் திறக்கிறார்களோ, அவர்கள் சொன்னதுதான் எல்லோருடைய பதிலும். எங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை சிறுநீரகம் போகிறது என்று பார்க்க ரத்தம் எடுக்க வந்தவர்கள், மண் எடுக்க வந்தவர்கள், அரிசியை எடுத்துப்போய்ச் சோதித்தவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் சொன்னோம். மாற்றிப் பேசினால் கொடுப்பதையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்கிற பயம்.

முந்திரி காயப்போடுகிற களத்தில் பிரமீளா கூட்டம் வைத்தாள். பெட்டிக்காரர்கள் ஐந்து பேரும் அவரவர் வீட்டாரும் வந்திருந்தார்கள். முதலில் வாயைத் திறந்தவர் கூர்மாராவ் தாத்தா. கடலோரத் தென்னந்தோப்பில் தனியாக இருக்கிறவர். மகன்கள் பம்பாயில் கட்டட வேலை. சின்னப் பெண் யாரானாலும் அவருக்கு அம்மாயிதான்.

"அம்மாயி, உன் பெட்டிக்குத் தொண்டை சரியில்ல."

"என்ன தாத்தா?"

"தூக்கத்துல புரண்டு குழாய் மடங்கிப்போச்சு. தண்ணி உள்ள போனது போனதுதான், வெளிய வரல. உன் பெட்டி எலிக்குஞ்சு மாதிரி கீச்சு கீச்சுங்குது. நான் முழிச்சுப் பார்க்கறப்ப வயிறு பானையாட்டம் இருக்கு. எனக்கு அப்படி எந்த விசேஷமும் கிடையாதே!"

களமே சிரித்தது.

"எவ்வளவு சத்தம் வேணும் தாத்தா?"

"அடுத்த தோப்புல கள்ளு இறக்கறவன் மரத்துலேர்ந்து இறங்கி ஓடியாரணும்."

"மத்தவங்களுக்கு? சத்தம் போதுமா, இன்னும் வேணுமா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பெனிக் காரின் டிரைவர் சுவரோரம் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அவன் விஜயநகரம் பக்கத்து ஆள். ரூபவதிக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் ஒரு வரன் வந்து பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"வேணும்" என்றார்கள். கைகள் தூக்கப்பட்டன. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தவிட்டம்மாவின் கறுப்புக் கையும் உயர்ந்தது.

இத்தனைக்கும் அந்தக் கீச்சுச் சத்தத்துக்கே அவள் பெட்டிமேல் ரஜாயைப் போட்டு மூடிப் படுக்கிறவள்.

பிரமீளா அதோடு விட்டுவிடவில்லை. கூட்டத்தில் பேசாதவர்கள் வீட்டில் பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தவிட்டம்மாவின் பின்கட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். நானும் இருந்தேன்.

"தனியா ஏதாவது சொல்லணுமாம்மா? நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

தவிட்டம்மா முந்தானையை விரலில் சுற்றினாள். "இத ராத்திரியில இல்லாம பகல்ல போட்டுக்கற மாதிரி வராதா அம்மா?"

"ஏன்?"

"ராத்திரின்னா... வீட்டுக்கு நாலு பேரு வருவாங்க. தங்குவாங்க."

"புரியலையே. ராத்திரி கரண்ட் போயிடுதா?"

அப்போது பார்த்து ஜோகாராவ் இளநீரோடு உள்ளே வந்தான். பின்னாலேயே, தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு, அந்த டிரைவர்.

"ஆமாம்மா" என்றாள் தவிட்டம்மா. "கரண்ட்தான்."

பிரமீளா தலையாட்டினாள். புதுப் பெட்டிக்குப் பெரிய பேட்டரி வைத்தாள். நல்ல பெண், சொன்னதைச் செய்தாள்.

வரன் முடிவாயிற்று. பையனுக்கு ரயில்வேயில் வேலை. ரூபவதியின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள், எண் சுத்தமாக இருந்தது. அப்பனுடைய எண்ணையும் பார்த்தார்கள். ஆத்தாளுக்கு ஊசி என்றால் மயக்கம் வரும், வீட்டிலேயே எடுத்து அனுப்புகிறோம் என்று சொல்லி, அவள் பெயரில் என் மருமகளின் ரத்தத்தைக் கொடுத்தோம். எங்கள் ஊரில் இதெல்லாம் மொய் மாதிரி.

கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது புதுப் பெட்டி வந்தது. மாட்ட வந்தவர் குழாயை மடக்கி ஒரு தடவை கத்தவிட்டுக் காட்டினார். கொட்டடியில் கட்டியிருந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டது.

"ஐயா, இந்தச் சத்தத்த எப்படிக் குறைக்கிறது?" என்றாள் தவிட்டம்மா.

"குறைக்க முடியாதும்மா. உசுரு சம்பந்தப்பட்டதாச்சே, யாராவது தெரியாம குறைச்சுட்டா? நீங்கள்லாம் சேர்ந்து கை தூக்கிக் கேட்டது இது."

அதே வாரத்தில், பலகாரம் சுடக் கூடமாட இருக்கிறேன் என்று மாப்பிள்ளையின் அத்தை வந்து இறங்கினாள். வரஹாலம்மா என்று பெயர். கூடமாட இருக்க வந்தவள் எண்ணெய்ச் சட்டிப் பக்கமே போகவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டு வீட்டை அறை அறையாகப் பார்த்தாள். வேவு பார்க்க வந்தவள் என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

"வதினா, இந்த அட்டைப்பெட்டியெல்லாம் என்ன?" அண்ணி முறை வைத்து எங்களையெல்லாம் வதினா என்றுதான் கூப்பிட்டாள்.

தவிட்டம்மாவின் வயிற்றுக்குப் போகிற மருந்துத் தண்ணீர் அது. தவிட்டம்மா அசரவில்லை.

"உங்க அண்ணய்யா இறால் குட்டையில வேலை பாக்கறாரில்ல, அங்க ஊத்தற மருந்து."

"இறாலுக்கு வந்த வாழ்வு! நமக்கு இருமல் மருந்து வாங்கித் தர ஆளில்ல."

முதல் நாள் ராத்திரி பெட்டி கத்திவிட்டது. இரண்டு ரஜாய் போட்டும் என் வீட்டுக்குக் கேட்டது. விடிந்ததும் காப்பியோடு வரஹாலம்மா வாசலுக்கு வந்தாள். நான் கோலப்பொடியோடு நின்றிருந்தேன்.

"ராத்திரி என்ன வதினா அப்படிக் கத்திச்சு?"

"இன்வெர்ட்டர்" என்றாள் தவிட்டம்மா. "பழசாயிடுச்சு."

"கரண்ட் போகவேயில்லையே. என் தலைக்கு மேல ஃபேன் ஓடிக்கிட்டுத்தானே இருந்துது?"

"அதான் சொல்றேனே, பழசாயிடுச்சு. அதுக்குக் கரண்ட் இருக்கா இல்லையான்னே தெரியல."

வரஹாலம்மா வெற்றிலைச் சாற்றைத் துப்பினாள். "எங்க பெரியம்மா மாதிரின்னு சொல்லு" என்றாள். நான் சத்தமாகச் சிரித்தேன். சிரிக்க வேண்டியிருந்தது.

அன்றைக்குப் பிறகு தவிட்டம்மா பெட்டியை மாட்டவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போய் மிஷின்ல ரத்தத்த சுத்தம் பண்ணிட்டு வந்துடேன்டி" என்றேன்.

"போய்வர ஒரு பகல் ஆகும் அக்கா. எங்க போறன்னு கேப்பா. நானும் வரேம்பா."

"பிரமீளாவுக்குப் போன் பண்ணு. பழைய பெட்டியைக் கொண்டாரச் சொல்லு."

"என்னன்னு சொல்றது? கார் வரும். அந்த டிரைவர் வருவான். அவன் ஊருக்கும் மாப்பிள்ளை ஊருக்கும் நடுவுல ஒரு வாய்க்கால்தான் இருக்குதாம்."

கூர்மாராவ் தாத்தாவுக்கு விஷயம் போயிற்று. தோப்புக்கு வா, பகலில் என் பெட்டியில் உன் குழாயை மாட்டிக்கொள், அது கத்தினால் காக்காய்தான் கேட்கும் என்று சொல்லியனுப்பினார். சடங்குக்குத் தேங்காய் எடுக்கப் போகிறேன் என்று கிளம்பிப்போய் அரைப்பகல் அங்கே படுத்திருந்துவிட்டு வந்தாள். கொஞ்சம் மூச்சு வந்தது. மறுநாளும் போனாள். மூன்றாவது தடவை கூடையை எடுத்தபோது வரஹாலம்மா செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நானும் வரேன் வதினா. கடலைப் பாத்து எத்தனை காலமாச்சு."

இரண்டு பேரும் போனார்கள். தாத்தா அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். கடலைப் பார்த்துவிட்டுத் தேங்காயோடு திரும்பி வந்தார்கள்.

தவிட்டம்மாவின் கால் வீங்கிற்று. மெட்டி சதையில் புதைந்துகொண்டது. முகம் அதைத்தது.

"ஏன் வதினா, கண்ணெல்லாம் ஊதிக்கிடக்கு?"

"பொண்ணு போறாளேன்னு அழுகையா வருது. வேறென்ன?"

ரூபவதி பின்கட்டில் ஆத்தாளின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, நிறுத்திடலாம். சொல்லிடலாம். எனக்குக் கல்யாணமே வேணாம்."

"வாய மூடு. நான் என்ன வெல்லமா, நாலு நாள்ல கரைஞ்சு போறதுக்கு?"

"எனக்குப் பயமா இருக்கு."

"உங்க அத்தை போகட்டும், பெட்டிய மாட்டிக்கிட்டு ரெண்டு நாள் சேர்ந்தாப்புல தூங்கறேன். சரியா? பெத்தம்மாவக் கேளு, உன்னப் பெத்த அன்னிக்கே எந்திரிச்சுப் போய்த் தண்ணி எடுத்தவ நான்."

ரூபவதிக்குப் பெத்தம்மா, அதாவது பெரியம்மா முறை, நான்தான். தவிட்டம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள். எடுத்தவள்தான்.

கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். வேனில் போகும்போதே அவளால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டிற்று. நிமிர்ந்து உட்கார்ந்தே வந்தாள். மணவறையில் உட்கார்ந்தாள். மகளின் கையைப் பால் தட்டில் வைத்து மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒப்படைக்கும்போது அவளுக்கு வார்த்தை வரவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு இழுத்தாள். பார்த்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். இப்படி ஒரு தாயா என்றார்கள்.

திரும்பும் வழியில், பாதி தூரம்கூட வரவில்லை, என் தோள்மேல் சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். வாய் ஓரம் ரோஜா நிறத்தில் நுரை வந்தது. வேனை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினோம். அங்கே இறக்கும்போது அவள் இல்லை.

துக்கத்துக்கு வந்த வரஹாலம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "மகளப் பிரிஞ்ச ஏக்கத்துல நெஞ்சு வெடிச்சுப் போயிட்டியே வதினா!" ஊர் அதையே பிடித்துக்கொண்டது. நெஞ்சு வெடித்துச் செத்தாள். கூட்டு ரோட்டுக் கன்னய்யாவும் பாலை ஆற்றிக்கொண்டே அதைத்தான் சொன்னான்.

ஆறேழு மாதம் கழித்துப் பிரமீளா வந்தாள். தவிட்டம்மாவின் பெட்டியை எடுத்துப்போய்ப் பார்த்திருக்கிறார்கள். எந்த ராத்திரி ஓடியது, எந்த ராத்திரி ஓடவில்லை என்று அது ஞாபகம் வைத்திருக்குமாம்.

"ஏன் மாட்டல?" என்று ஜோகாராவைக் கேட்டாள்.

"மறந்துட்டா."

"வரிசையாவா? ஒரு நாளும் மறக்காதவங்க ஆச்சே."

"கல்யாண வேலை. மறந்துட்டா, போங்கம்மா."

டீக்கடையில் கேட்டாள். என்னைக் கேட்டாள். நெஞ்சு வெடிச்சுது என்றேன். கடைசியில் தென்னந்தோப்புக்குப் போனாள். நானும் கூடப் போனேன். கூர்மாராவ் தாத்தா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெட்டி பக்கத்தில் இருந்தது. முந்தின வாரம்தான் அது கத்தி, கள்ளு இறக்குகிறவன் ஓடிவந்து அவரைப் புரட்டிப் போட்டிருந்தான்.

"தாத்தா, உங்களுக்கு இப்ப சத்தம் போதுமா?"

"போதும் அம்மாயி. என்னைக் காப்பாத்திடுச்சு." பெட்டியின் மேல் கையை வைத்தார். "அவளைக் கொன்னுடுச்சு."

நான் தாத்தா தாத்தா என்று தடுத்தேன். அவர் நிறுத்தவில்லை. கை தூக்கியது, ரஜாய், இறால் மருந்து, இன்வெர்ட்டர், இளநீர் என்று எல்லாவற்றையும் சொன்னார். ஊரில் முதல் தடவையாக ஒரு வெளியாளிடம் ஒரு வாய் திறந்தது.

"பகல்ல போட முடியுமான்னு என்னைக் கேட்டாங்க" என்றாள் பிரமீளா. "நான் பேட்டரி பெருசா வச்சேன்."

"இப்ப உங்க கம்பெனியில என்னன்னு முடிச்சிருக்காங்க?"

"உபயோகிச்சவங்க தப்புன்னு."

"மாத்திச் சொல்லேன்."

"சொல்லணும் தாத்தா. ஆனா சும்மா மெதுவாக் கத்தட்டும்னு சொன்னா ஒத்துக்கமாட்டாங்க. கத்தாம ஒருத்தர் செத்தா என்ன பண்ணுவேம்பாங்க. கத்தினதால ஒருத்தர் செத்தாங்கன்னு நான் காட்டணும். யாரு, எந்த ஊரு, ஏன், எல்லாம். வீட்டுல ஒருத்தராவது ஆமான்னு சொல்லணும்."

"ஜோகாராவ் சொல்லமாட்டான்" என்றேன்.

"பொண்ணு?"

ரூபவதி அப்போது ஐந்து மாதம். கர்ப்பமான மகளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சலிமிடி கொண்டுபோக வேண்டும். பச்சரிசி மாவும் வெல்லமும் இடித்து உருட்டி, தாய் கையால் மடியில் கட்டுவது. தாய் இல்லாத இடத்தில் நான் இடித்தேன். பிரமீளா ஒரு சாதாப் புடவை கட்டிக்கொண்டு, தூக்கை எடுத்துக்கொண்டு கூட வந்தாள். பஸ்ஸில்தான் போனோம்.

வரஹாலம்மா கூடத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க வதினா. யாரு இந்தப் பொண்ணு?"

"எங்க அக்கா மக. விசாகப்பட்டினத்துல வேலை."

"கல்யாணம் ஆச்சா?"

"இல்லைங்க" என்றாள் பிரமீளா.

"உங்க ஊர்ப் பக்கமா? அப்ப ரிப்போர்ட்டக் கையிலயே வச்சுக்க" என்று சொல்லிச் சிரித்தாள் வரஹாலம்மா. அவள் சிரிப்பதை ரூபவதி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு மேடிட்டிருந்தது. கழுத்து மெலிந்திருந்தது.

மடியில் சலிமிடியைக் கட்டினேன். பிறகு பெண்ணைப் பின்பக்கம் பம்ப் அடிக்கு அழைத்துப் போனோம். பிரமீளா யாரென்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்திருந்தது.

"எங்க அம்மாவ என்ன கேட்டீங்க, அவங்க என்ன சொன்னாங்க, எல்லாம் எனக்குத் தெரியும் அக்கா. நீங்க அழாதீங்க. அத்தை பாப்பாங்க."

பிரமீளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேற மாதிரி பண்ணலாம் ரூபவதி. கையில ஒரு பட்டை. குழாய் மடங்கினா அது அதிரும். கட்டியிருக்கறவங்களுக்கு மட்டும் தெரியும். தனியா இருக்கறவங்களுக்கு வேணும்னா சத்தம் வச்சுக்கலாம்."

"பக்கத்துல படுத்திருக்கறவங்களுக்குக்கூடக் கேக்காதா?"

"கேக்காது."

ரூபவதி தன் மணிக்கட்டைப் பார்த்தாள். கல்யாண வளையல்களை மேலே தள்ளி, அந்த இடத்தை விரலால் ஒரு தடவை தடவினாள்.

"அவங்களுக்கு அது போதும்" என்றாள். "அது ஒண்ணு இருந்திருந்தா போதும்."

"அப்ப நான் எழுதட்டுமா? பேர் போடமாட்டேன்."

"பேர் எதுக்கு? அஞ்சு வீட்டுக்குக் குடுத்தீங்க. அதுல ஒரு வீட்டுலதான் பொம்பள செத்தா, அதுவும் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு. உங்க டிரைவரே கண்டுபிடிச்சுடுவான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மாசாமாசம் எனக்கு ரத்தம் எடுக்கறாங்க. பிள்ளைக்காகன்னு டாக்டர் எடுக்கறார். ஆனா காகிதத்த முதல்ல வாங்கிப் பாக்கறது அத்தை. எல்லாத்தையும் விட்டுட்டு அந்த எண்ணைத்தான் பாக்கறாங்க. எழுதாதீங்க அக்கா."

"உங்க ஊர்லயே இன்னும் எத்தனை வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணுங்க இருக்காங்க, யோசிச்சுப் பாரு."

"எல்லாரையும் தெரியும். எங்கூடப் படிச்சதுங்க. அதுங்க வீட்டுல அத்தனை பேரும் எனக்காக வாய மூடினாங்க. பெத்தம்மா மருமக எங்க அம்மா பேர்ல ரத்தம் குடுத்தா. எங்க அம்மா உசுரையே குடுத்தா. இப்ப நான் வாயத் திறந்து, இவங்க என்னைக் கொண்டுபோய் விட்டுட்டா, அதெல்லாம் எதுக்கு?"

பிரமீளா என்னைப் பார்த்தாள். நான் பம்பைப் பார்த்தேன்.

"சரி" என்றாள். "எழுதல."

ரூபவதி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உள்ளே வந்தோம். வரஹாலம்மா நறுக்கிய காயைத் தட்டில் அள்ளிக்கொண்டிருந்தாள். "சலிமிடியை எல்லாருக்கும் குடும்மா" என்றாள். ரூபவதி தட்டை எடுத்தாள்.

அப்போது கரண்ட் போயிற்று. மூலையில் மரப்பலகைமேல் இருந்த இன்வெர்ட்டர் கீ என்று நீளமாகக் கத்தியது.

தட்டு விழுந்தது. உருண்டைகள் கூடம் முழுக்க ஓடின. ரூபவதி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் உதடு வெளுத்துவிட்டது.

"ஏன்டி இப்படி நடுங்கற? இன்வெர்ட்டர்தானே" என்றாள் வரஹாலம்மா. எழுந்துபோய்ப் பொத்தானை அழுத்தினாள், சத்தம் நின்றது. மேலே ஃபேன் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. கீழே குனிந்து உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, முந்தானையில் துடைத்துத் தட்டில் வைத்தாள். கடைசி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ரூபவதியை அல்ல, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க வீட்டுது கரண்ட் போனாத்தான் கத்தும் வதினா."